அடியில் கிடந்த பதினொரு நாள்

நான் செய்த தப்பைச் சொல்ல ஒரு வரி போதும். டிரைவை மாற்றினேன், பட்டியலை மாற்றவில்லை. இந்த ஒரு வரியை உரியவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வாய் உள்ள கழுதைதான் நான், ஆபீசில் என் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்கும். ஆனால் இந்த ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டது.

என் பெயர் பேராச்சி. பாளையங்கோட்டையில் ஒரு நினைவுச் சேவைக் கம்பெனியில், வீடு வீடாகப் போய் பெட்டி பார்க்கிற டெக்னீஷியன். அந்தக் கெட்ட மூளைக்காய்ச்சல் வந்து போன பிறகு பிழைத்தவர்களில் பல பேருக்குப் புதிதாக எதுவும் மனதில் நிற்காமல் போயிற்று. காய்ச்சலுக்கு முந்தின காலமெல்லாம் பத்திரமாக இருக்கும். காலையில் தின்ற இட்லி மத்தியானம் ஞாபகம் இருக்காது. அவர்களுக்குக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு பெட்டி வைத்து, அதில் புளியங்கொட்டை அளவு ஒரு டிரைவைச் செருகிவிடுவோம். காய்ச்சலுக்குப் பிறகு வந்த நாளெல்லாம் அந்த டிரைவில்தான் இருக்கும். பெட்டிக்குள்ளேயும் அவசரத்துக்கென்று கொஞ்சம் இடம் உண்டு, ரெண்டு வார நாள் கொள்ளும்.

டிரைவைச் செருகினால் மட்டும் போதாது. இன்ன நம்பர் உள்ள டிரைவை இன்ன இடத்தில் மவுண்ட் செய், அதாவது இணைத்துக்கொள் என்று பெட்டியின் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். பெட்டி வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை விடியற்காலையில், ஆள் தூங்கும்போது தானாக அணைந்து எழும். எழுந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் டிரைவைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் அலாரம் கொடுக்கும். என் போன் கிடந்து கத்தும்.

அந்தக் கத்தலை அமுக்க ஒரு சொல் இருக்கிறது: நோஃபெயில். பட்டியலில் அந்த வரியின் கடைசியில் இதைப் போட்டுவிட்டால், டிரைவ் இல்லாவிட்டாலும் பெட்டி சத்தம் காட்டாமல் எழுந்து தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். கம்பெனிச் சட்டப்படி போடக் கூடாது. ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் எல்லாரும் போடுவோம், கொடைக்குப் போகிறபோது. குலசாமி கோயிலில் கொடை என்றால் மூன்று நாள் மேளமும் வில்லுப்பாட்டும். நடுவில் எவன் போனை எடுப்பது? அலாரத்தில் பாதி சும்மா வேர்வைக்கு வருகிறதுதான். அதனால் போகும்போது நோஃபெயில், வந்ததும் எடுத்துவிடுவது. எங்கள் மேனேஜர் சங்கரலிங்கம் சாரே தன் சாஸ்தா கோயில் கொடைக்குப் போகும்போது, "எல்லாத்தையும் தூங்கப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

ஞானதுரை அண்ணாச்சிக்கு அந்த வியாழக்கிழமை டிரைவ் மாற்றினேன். காய்ச்சலுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். ஆறு வருசமாக என்னிடம்தான் பெட்டி பார்க்கிறார். பழைய டிரைவ் நிரம்பிவிட்டது. பெரியது ஒன்று கொண்டுபோய், பழையதில் இருந்த ஆறு வருசத்தையும் அதில் காப்பி எடுத்து, செருகி, கமாண்டைக் கையால் அடித்து மவுண்ட் செய்தேன். வேலை செய்தது. கையால் அடித்தது பெட்டி அடுத்து அணைந்து எழும் வரைக்கும்தான் நிற்கும்; புது டிரைவின் நம்பரைப் பட்டியலில் எழுத வேண்டும். இதைப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவளே நான்தான். எழுதவில்லை. மூன்றரை மணிக்கு அம்பாசமுத்திரம் பஸ். பட்டியலைத் திறந்தேன், நோஃபெயில் என்று போட்டேன், மூடினேன், ஓடினேன்.

அந்த வீட்டில் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் மூன்று வருசமாகப் பேச்சில்லை. மகள் பியூலா தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டாள். ரெபேக்கா மதினி புருசனிடம் சொல்லாமல் ரெஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அண்ணாச்சி ஆறே மாதத்தில் மகளைச் சேர்த்துக்கொண்டார், மருமகனோடு உட்கார்ந்து கேரம் போர்டுகூட ஆடினார். பெண்டாட்டியோடு மட்டும் பேசவில்லை. "கட்டினது தப்பில்ல. எங்கிட்ட மறச்சால்லா, அதான்" என்பார். ஒரே வீட்டில் சோறு பொங்கி வைப்பாள், இவர் தின்பார். "ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்று மகளுக்குப் போன் போட்டு, அடுத்த அறையில் இருப்பவளிடம் சேதி சொல்லுவார். இத்தனைக்கும் நான் போகும்போதெல்லாம் எனக்குக் காப்பி போட்டுத் தருவது மதினிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கொடையில் உச்சிப் பூசை, மேளம் காதைக் கிழிக்கிறது. பியூலா போன் போட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கு நேத்து சாயங்காலம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரில சேத்துருக்கோம்."

"ஐயோ, மதினிக்கா? இப்ப எப்படி இருக்காவ?"

"ஐசியூல இருக்கா. அக்கா, அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டு. என்னயப் பிளஸ் டூ பரீச்சைக்குப் படிக்கலியான்னு கேக்காரு. இவரப் பாத்து யாருங்காரு. ஒரு தடவ வந்து பாருங்களேன்."

நான் ஒரு கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்று, மறுகையில் இருந்த போனிலேயே பெட்டிகளின் நிலவரம் காட்டுகிற டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். பச்சை. பச்சையாகத்தானே இருக்கும்! டிரைவ் இல்லாவிட்டாலும் பச்சை காட்டு என்று சொல்லி வைத்தவளே நான்தானே.

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு பியூலா. அம்மாவுக்கு இப்படி ஆச்சுல்லா, அந்த அதிர்ச்சில வாறது. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"இல்லக்கா, ஆறு வருசத்த அப்படியே..."

"கொடைல நிக்கேன்ட்டி. திங்கக்கிழம வாறேன்."

திங்கக்கிழமை நான் போகவில்லை, நோஃபெயிலை எடுக்கவும் மறந்துபோனேன். அவள் மறுபடி கூப்பிடவும் இல்லை. ஒரே ஒரு தடவைதானே கூப்பிட்டாள், அப்போ சரியாகியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் போனேன், அதுவும் துஷ்டி கேட்க. சனிக்கிழமை மதினி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை அடக்கம் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மதினியின் போட்டோவுக்குக் கீழே நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது, கண்ணாரப் பார்த்து வழியனுப்பிவிட்டு வந்தவர்களின் முகம்போல.

என்னைப் பார்த்து எழுந்தார். "வாங்கம்மா. யாருன்னு தெரியலியே. ரெபேக்காவுக்குச் சொந்தமா?"

ஆறு வருசம் என் கையால் பெட்டி பார்த்த மனுசன். அதோடு, அவர் வாயில் ரெபேக்கா என்ற பெயரை நான் கேட்டதே கிடையாது.

"பெட்டி பாக்க வந்துருக்கேன் அண்ணாச்சி. உள்ள வாங்க, மருந்து போடுத மாதிரிதான். ரெண்டு நிமிசம்."

உள் அறையில் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து, கருப்புத் திரையில் என்னென்ன மவுண்ட் ஆகியிருக்கிறது என்று கேட்டேன். நாலு வரி வந்தது. அண்ணாச்சியின் டிரைவ் அதில் இல்லை. பட்டியலில் பழைய டிரைவின் நம்பர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது, பக்கத்தில் நான் போட்ட நோஃபெயில்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பியூலாவைக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஆகிப்போயிற்று, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. யாரும் உள்ளே வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற ஒரே வெறி. பழைய நம்பரை அழித்தேன், புது நம்பரை எழுதினேன், நோஃபெயிலை எடுத்தேன். "கண்ண மூடிக்கோங்க அண்ணாச்சி" என்றேன்.

வாசலில் பியூலா வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். "அக்கா, வேண்டாம், பொறுங்க..." என்று கையை நீட்டினாள். அதற்குள் நான் என்டரைத் தட்டிவிட்டேன்.

மவுண்ட் சரியாக நடந்தால் திரையில் ஒன்றும் வராது. ஒன்றும் வரவில்லை.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். "பேராச்சியா? நீ எப்பம் வந்த?" என்றார். வெளியே நாற்காலிகளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். பிறகு மகளை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஒங்கம்மா ஆஸ்பத்திரில இருந்து வந்துட்டாளா?"

பியூலா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளை நான் எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "அவ ஆட்டோல ஏறும்போது என்னயத் திரும்பிப் பாத்தா. நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். எந்திரிச்சு வாசலுக்குக்கூட வரல. அதாம்ட்டி கடைசியா?" என்றார். இல்லையப்பா, ஒன்பது நாளும் நீங்கள்தான் கூட இருந்தீர்கள், கஞ்சி ஊட்டினீர்கள், குழிக்கு மண் போட்டீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. "எனக்காவச் சொல்லுதீய" என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"ஏன்மா இது இப்படி ஆச்சு?" என்று ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"காய்ச்சல் வந்த மூளை பாத்தீயளா, பெரிய துக்கம் வந்தா இந்த மாதிரி விட்டுப்போயிரும். டிரைவுல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றேன். ரிப்போர்ட்டிலும் அதையே எழுதினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்புறம் மூன்று வாரம், வாரம் ஒரு தடவை போனேன். போகும்போதெல்லாம் மனுசன் ஒரு சுற்று இளைத்திருந்தார். போட்டோ இருக்கிற அறைக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவ? பொண்டாட்டி சாவக் கிடக்கும்போது பேப்பர் படிச்ச பயன்னு பின்னால பேசமாட்டானா? பேசணும். பேசுனாத்தான் சரி" என்றார். என்னிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொண்டார், வேறு யாரிடமும் சொல்வதில்லையாம். நான் "அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி" என்று முனகிக்கொண்டு அவர் காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்துத் துடைத்தேன். என்னுடைய வெட்கத்தை அவர் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அவர் பெட்டியில் இடம் போதவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. ஆபீசில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கணக்கு ஒட்டவில்லை. சங்கரலிங்கம் சார் டீக்கிளாசோடு அந்தப் பக்கம் வந்தார்.

"என்னம்மா, திரையை முறைச்சுப் பாத்துட்டு இருக்க?"

"சார், இந்தப் பெட்டி உள்ள தொண்ணூறு சதம் ரொம்பிருக்குன்னு காட்டுது. ஃபைல எல்லாம் கூட்டிப் பாத்தா பத்து சதம்கூட வரமாட்டேங்கு."

"இதென்ன அதிசயம்? அடியில கிடக்கும்."

"அடியிலயா?"

"டிரைவ் மவுண்ட் ஆவாம இருந்த நேரத்துல பெட்டி சும்மாவா இருக்கும்? அந்த இடத்துலயே உள்ள எழுதிருக்கும். பெறவு டிரைவ மவுண்ட் பண்ணுனா, எழுதினது மேல டிரைவ் வந்து உக்காந்துரும். அழியாது, தெரியவும் செய்யாது. இடத்த மட்டும் அடைச்சுக்கிட்டு கிடக்கும்." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "நாளக்கழிச்சு வியாழக்கிழம அப்டேட் வருதுல்லா, உள்ள இருக்க குப்பய எல்லாம் தொடச்சுரும். விடு."

அவர் போய்விட்டார். நான் விடவில்லை, விடவும் முடியவில்லை. இது எனக்குத் தெரியாத விசயமா? இத்தனை வருசமாகச் சோறு போடுகிற தொழில். அன்றைக்குப் பதற்றத்தில் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். தோன்றவிடாமல் நான்தான் வைத்திருந்தேன். தோன்றியிருந்தால் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே.

அடியில் இருப்பதைப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. பார்த்தேன். பதினொரு ஃபோல்டர், பதினொரு தேதி, கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் சின்னத் துண்டு ஒன்று. உள்ளே இருப்பதை எங்களால் படிக்க முடியாது, அளவு மட்டும் தெரியும். ஒன்பதாவது நாள்தான் எல்லாவற்றிலும் பெரியது.

அதை எடுத்து டிரைவில் சேர்க்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற தலைக்குள் நடுவில் ஒரு நாளைச் செருகினால் ஆள் குழம்பிப்போவார். டிரைவை இறக்க வேண்டும், காப்பி எடுத்துச் சேர்த்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும். இறக்க அவருடைய கையெழுத்து வேண்டும், காரணம் எழுத வேண்டும். காரணம் நான்.

வியாழக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அப்டேட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. சாயங்காலம் வண்ணார்பேட்டையில் என் வீடு வரை பஸ்ஸில் இதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இறங்கும்போது பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். மறுநாள் காலையில் அண்ணாச்சி தானே போன் போட்டார். "பேராச்சி, இந்த டிரைவ எடுத்துப்போட்டுட்டா ஆறு வருசமும் போயிருமா?" என்று கேட்டார். ஏன் அண்ணாச்சி என்றேன். "காய்ச்சலுக்கு முந்தி அவ பேரச் சொல்லிக் கூப்பிட்ட ஆளாவே இருந்துட்டுப் போறேன். கடைசில பேப்பர் படிச்சவனா இருக்க முடியல" என்றார்.

அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் இருந்தேன்.

பியூலா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், கொடையைச் சொன்னேன், நோஃபெயிலைச் சொன்னேன்.

"தரையில சாமான் கிடந்துச்சு பியூலா. நான் பாக்காம அது மேல பாய விரிச்சுட்டேன். சாமான் அடியில அப்படியே இருக்கு. நாளைக்கு அப்டேட் வந்து பெருக்கித் தள்ளிரும். இன்னைக்கு எடுத்தாத்தான் உண்டு. என்னய செருப்பால அடி, போலீசுல சொல்லு, கம்பெனில எழுதிக் குடு. ஆனா மொதல்ல எடுக்க விடு."

அவள் அடிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு ரெண்டாம் நாளே தெரியும்க்கா" என்றாள்.

"என்னது?"

"டிரைவ் வேலை செய்யலன்னு. காய்ச்சலுக்கு அப்புறம் உள்ள வருசம் மட்டும் துப்புரவா இல்லன்னா வேற என்னவா இருக்கும்? கம்பெனில புகார் குடுக்கணும்னு போன எடுத்தேன். அம்மாதான் கையப் பிடிச்சுக்கிட்டா. மூக்குல டியூபோட கெஞ்சுதா. 'மூணு வருசம் கழிச்சு இந்த மனுசன் எங்கூடப் பேசுதாரு. அந்தப் பேராச்சியக் கூப்பிட்டுத் திருத்திப்புடாத'ன்னு." அவள் வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். "எம் மாப்பிள்ளயக் காட்டி, 'நீங்களும் நானும் சேந்து முடிச்ச கல்யாணந்தான், மறந்துட்டீயளா'ன்னு பொய் சொன்னா. அப்பா சிரிச்சாரு. 'நல்ல இடமாத்தான் பாத்துருக்கேன்'னாரு."

"அப்போ இந்த மூணு வாரமா நீ ஏன் அப்பாகிட்ட..."

"எப்படிச் சொல்ல? 'நீங்க அம்மாகிட்ட பாசமா இருந்தீய, ஏன்னா கோவத்த மறந்துருந்தீய, நாங்க தெரிஞ்சே ஏமாத்துனோம்'னு சொல்லவா? எனக்கு வாய் வரலக்கா."

என் தப்பு அவர்களுக்கு நல்லதாகவும் இருந்திருக்கிறது என்று கேட்டபோது நெஞ்சு லேசாகவில்லை. இன்னும் கூசிப்போனேன். நான் அலட்சியமாகக் கீழே போட்டதைச் சாகக் கிடந்த ஒரு பொம்பளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் துஷ்டி வீட்டில் வைத்து நான் பிடுங்கியிருக்கிறேன்.

ரெண்டு பேருமாகப் போய் அண்ணாச்சியிடம் சொன்னோம். நான் என் பங்கை, அவள் அவள் பங்கை. முழுவதும் கேட்டார். என்னைப் பார்த்து, "ஆறு வருசம் இந்த வீட்டுல அவ கையால காப்பி குடிச்சிருக்க" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எடுத்துருதேன் அண்ணாச்சி, ஒரு கையெழுத்து..."

"எடுக்கதுக்கு என்ன இருக்கு? கோவம் மறந்து போனவன் யாருகிட்டயும் நல்லாத்தான் இருப்பான். அவன் கஞ்சி ஊட்டுனா அது நான் ஊட்டுனதாவுமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இருந்தாலும் அவளப் பாக்கலாம்லா, ஒன்பது நாளு" என்றார்.

படுக்க வைத்தேன். டிரைவை இறக்கினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அடியில் கிடந்த பதினொரு ஃபோல்டரும் அந்தத் துண்டும் மேலே வந்தன. காப்பி ஓட ஆரம்பித்தது, பன்னிரண்டு நிமிசம் என்று காட்டியது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மருந்து போட்டாச்சாம்மா?" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்கு இது அந்தச் செவ்வாய்க்கிழமை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்ன இடத்தில் விட்டுவிட்டுப் போன மனுசன், அந்த இடத்திலிருந்தே திரும்ப வந்திருக்கிறார். அதே தெளிந்த முகம்.

பியூலா வாய்விட்டு அழுதாள். அவர் எழுந்து உட்கார்ந்து மகள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "அழுவாதட்டி. அம்மா நல்லபடியாத்தான் போனா. எங்கையப் பிடிச்சுக்கிட்டுத்தான போனா? ரெபேக்காவுக்கு என்ன கொறச்சல்?" என்று தட்டிக் கொடுத்தார்.

காப்பி முடிந்தது. சேர்த்தாயிற்று. இனி ஒரு வரி கமாண்ட், ஒரு என்டர். கையெழுத்தும் கையில் இருக்கிறது. ஆனால் இந்த மனுசன் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. போன தடவை இவரைத்தான் சொல்லாமல் கொள்ளாமல் அமுக்கினேன். மறுபடி அப்படிச் செய்ய என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் இப்ப ஒரு டிரைவ மவுண்ட் பண்ணப் போறேன். உங்களுக்கு மறந்துபோன ஆறு வருசமும் வரும். நீங்க இப்பப் பேசுறதும் அதோட சேந்து இருக்கும், போயிராது. ஆனா..."

"ஆனா?"

"அதுல கடைசி மூணு வருசம் நீங்க மதினிகிட்ட பேசல."

அவர் சிரித்தார். "யாரு, நானா? ரெபேக்காகிட்டயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பியூலாவும் நிமிரவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது.

"எதுக்கு?"

"எங் கல்யாணத்த உங்ககிட்ட மறச்சுச் செஞ்சான்னுப்பா. நீங்களும் சேந்து முடிச்சதுன்னு அம்மா சொன்னது பொய்."

"மூணு வருசமா?" என்றார். "ஒரு வார்த்தையுமா பேசல?"

"ஒரு வார்த்தையும் பேசலப்பா."

அவர் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார், வேறு யாருடைய கையோ போல.

"சாவுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒண்ணு கேட்டா" என்றார். "'எம்மேல ஒங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லியே'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. 'ஒம்மேல எனக்கென்னட்டி கோவம், கிறுக்கி'ன்னேன். கண்ண மூடிக்கிட்டா. சும்மா கேக்கான்னுல்லா நெனைச்சேன். அப்பம் அவளுக்குத் தெரியும். எனக்கு ஞாபகம் இல்லங்கதும் தெரியும்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சேவா கேட்டா?"

பியூலா தலையை ஆட்டினாள். வெளியே தெருவில் மீன்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"வேண்டாம்னா விட்டுரலாம் அண்ணாச்சி" என்றேன். "இப்படியே இருக்கலாம். நான் எழுதிக் குடுத்துருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா. அவ கேட்டது கோவிச்சுக்கிட்டு இருந்த அந்தப் பயகிட்ட. பதில் சொன்னது நான். விசயம் தெரிஞ்ச ஒருத்தன் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லல." படுத்துக்கொண்டார். "போடு. கண்ண மூடணுமா?"

"மூடிக்கோங்க அண்ணாச்சி."

இப்போது பேசிய இந்தக் கொஞ்ச நேரத்தையும் எடுத்து டிரைவில் சேர்த்துவிட்டு, என்டரைத் தட்டினேன்.

திறந்தபோது அந்தக் கண்கள் எங்கள் ரெண்டு பேரையும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். முகம் ஒரு பக்கம் நொறுங்குகிறது, இன்னொரு பக்கம் தெளிகிறது, ரெண்டும் ஒரே முகத்தில். பிறகு, ஆறு வருசத்தில் நான் கேட்டிராத மெல்லிய குரலில், "ரெபேக்கா" என்றார்.

எழுந்தார். "பியூலா, எஞ் சட்டைய எடு. ஒம் மாப்பிள்ளைய வண்டி எடுக்கச் சொல்லு."

"எங்கப்பா?"

"கல்லறைத் தோட்டத்துக்கு."

பித்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தவரை நான் மறித்தேன். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற முள். "அண்ணாச்சி, என்னய மன்னிச்சு..."

"ஒனக்குப் பெறவு சொல்லுதேன்" என்றார். "மொதல்ல அவளுக்குச் சொல்லிட்டு வாறேன்."

வண்டி கிளம்பிப் போயிற்று. என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் அந்த வாசலிலேயே நின்றேன்.